குறை சொன்ன ஊர் டிராக்டரில் வந்தது

1. ஒரு கட்டு படிவம்

எங்கள் ஏ.இ.ஓ. சார் சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்பிய மறுநாள்தான் எனக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது. ஏ.இ.ஓ. என்றால் உதவிக் கல்வி அலுவலர். ஒன்றியத்து ஆரம்பப் பள்ளிகள் அத்தனைக்கும் அவர்தான் அதிகாரி. நான் பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் செகண்டரி கிரேடு டீச்சர். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. கல்யாணம் ஆகவில்லை, பஸ்ஸில் நின்றுகொண்டே போகப் பழகிவிட்டேன், அம்மா வழியில் கன்னடமும் பேச வரும். இந்த மூன்று தகுதிக்காகவும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

"விஜயா, ஒரு பள்ளிக்கூடம் நல்லா நடக்குதான்னு யாரம்மா சொல்லணும்?" என்று கேட்டார்.

"இன்ஸ்பெக்‌ஷன் வர்றவங்க சார்."

"தப்பு. புள்ளையைப் பெத்தவங்க சொல்லணும். வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தானாம். நாம வருஷத்துக்கு ஒருதரம் போய் மாலையை வாங்கிப் போட்டுக்கிட்டு வர்றோம். நமக்கு என்ன தெரியும்?"

அதிகாரி ஒருவர் இப்படிப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அவர் பத்துக் கேள்விகள் எழுதி வைத்திருந்தார். ஆசிரியரின் கனிவு, வகுப்பறை, கற்பிக்கும் முறை, குடிநீர், கழிப்பறை, மதிய உணவு என்று போகும். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: திருப்தி, ஓரளவு திருப்தி, திருப்தி இல்லை. ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி, மை காயாத ஒரு கட்டு படிவத்தை என் கையில் கொடுத்தார்.

"மார்க் போட்டு லிஸ்ட் எடுக்கப்போறோம். ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும்போது ஆபீஸ் போர்டுல ஒட்டப்போறோம். எந்தப் பள்ளிக்கூடம் நல்லதுன்னு பெத்தவங்களே பாத்துச் சேர்த்துக்கட்டும்."

எல்லா ஊரையும் பற்றிச் சொன்னால் இந்தக் குறிப்பு முடியாது. இரண்டு ஊரைச் சொல்கிறேன். நடுவில் தார் ரோடு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஏரிப்பட்டி, அந்தப் பக்கம் மேட்டுப்பட்டி. பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அந்த ஊர்க்காரர்கள் படித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், பரவாயில்லை.

2. எல்லாம் திருப்திங்க

ஏரிப்பட்டிப் பள்ளிக்கு ரங்கசாமி சார் ஒருவர்தான். அஞ்சு வகுப்புக்கும் அவரே ஆசிரியர், அவரே எச்.எம். ஊரில் அவருக்கு இருந்த மதிப்பை நான் வேறு எந்த ஆசிரியருக்கும் பார்த்ததில்லை. நான் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கூடவே நடந்து வந்து, முதல் வீட்டில் விட்டுவிட்டு, "அம்மா கேக்கறதுக்கு மனசுல உள்ளதைச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். கூட நின்று மிரட்டுகிற ஆள் இல்லை.

முதல் வீட்டுக்காரர் பெயர் மாதையன். தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நான் ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும், "திருப்திங்க" என்றார். கேள்வி முடிவதற்குள்ளேயே சொல்லிவிடுவார். கழிப்பறைக் கேள்விக்கும் அப்படியே சொன்னார்.

"பள்ளிக்கூடத்துல கழிப்பறை இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க."

"அப்ப எப்படிங்க திருப்தின்னு போடறது?"

"இருந்தா யாருங்க கழுவறது? இல்லாத வரைக்கும் திருப்திதானுங்க."

டிக் அடித்தேன். சார் கொடுத்த படிவத்தில் அதற்கு வேறு வழி இல்லை.

அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, தெருக்கோடியில் கன்னடம் பேசுகிற வீடுகள், எல்லாவற்றிலும் இதே பதில்தான். ஏன் திருப்தி என்று கேட்டால் ரங்கசாமி சாரின் புகழைப் பாடினார்கள். தெருவிளக்குக்கு மனு எழுதிக் கொடுத்தது அவர். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கத் தாலுகா ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனது அவர். கல்யாணமா, காதுகுத்தா, முதல் ஆளாக வந்து நிற்பார். யாருடைய பிள்ளையையும் கைநீட்டி அடித்ததில்லை.

"பையன் என்ன படிக்கிறான்?" என்று ஒரு அம்மாவைக் கேட்டேன்.

"நாலாவதுங்க."

"நல்லாப் படிக்கிறானுங்களா?"

"அவனுக்குப் படிப்பு ஏறாதுங்க. அவங்கப்பன் மாதிரி. அதுக்கு வாத்தியார் என்னாங்க பண்ணுவாரு, பாவம்."

பொழுது சாய்வதற்குள் ஊரே முடிந்துவிட்டது. ஒருவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். இவ்வளவு சுலபமான வேலைக்கு, வகுப்பிலிருந்து விடுவித்து டெபுடேஷன் கொடுத்த ஏ.இ.ஓ. சாரை மனசுக்குள் வாழ்த்திக்கொண்டே பஸ் ஏறினேன்.

3. மண்ணெண்ணெய்க்கு யார் பதில் சொல்வது

மேட்டுப்பட்டியில் அந்தச் சந்தோஷம் முதல் வீட்டோடு போயிற்று.

அங்கே எச்.எம். சரோஜா டீச்சர். அவருக்குக் கீழே இன்னொரு டீச்சர். நான் போனபோது சரோஜா டீச்சர் வகுப்பில் இருந்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நீங்க போய்க் கேட்டுக்குங்க, நான் கணக்கு நடத்திட்டிருக்கேன்" என்றார். அவ்வளவுதான் வரவேற்பு.

முதல் வீடு முனியம்மாவுடையது. கரும்பு வெட்டுக்குப் போகிறவர். கேள்வியைக் கேட்டு முடிக்குமுன் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"ரேஷன்ல ஊத்துற மண்ணெண்ணெய் பத்து நாளுக்கு வரலீங்க. ராத்திரி வெளக்கை வெச்சுக்கிட்டு எம் மவ வூட்டுப்பாடம் எழுதிக்கிட்டே கெடக்குறா. இதுக்கு யாரு பதில் சொல்றது?"

"இந்தக் கேள்வி ஆசிரியரின் கனிவு பத்திங்க."

"கனிவா? தக்காளி பறிக்க ஒருநாளு கூட்டிக்கிட்டுப் போயிட்டேன்னு தோட்டத்துக்கே வந்துட்டாங்க அந்தம்மா. பத்துப்பேரு முன்னால கேக்குறாங்க, உனக்குக் கூலி வேணுமா, புள்ளை வேணுமான்னு. மானமே போச்சுங்க."

"திருப்தி இல்லைன்னு போடட்டுங்களா?"

"போடுங்க."

அடுத்தது பச்சியப்பன் வீடு. ஊரில் டிராக்டர் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்குக் கட்டடத்தின்மேல் குறை. கிழக்குச் சுவர் விரிந்து கிடக்கிறது, மழை வந்தால் இரண்டு வகுப்பும் ஒரே அறையில் உட்காருகிறது என்றார். அத்தோடு விடவில்லை. மூணாவது படிக்கிற பையனுக்குப் பதிமூணாம் வாய்ப்பாடு ஏன் இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை, மூத்தவனுக்கு அந்த வயசில் சொல்லிக் கொடுத்தார்களே என்று கேட்டார். என்னைக் கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வீடு இப்படியே போயிற்று. பிள்ளை குளிக்காமல் வந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். எழுத்து கோணலாக இருந்தால் திரும்ப எழுதச் சொல்கிறார்கள். மதிய உணவில் பருப்பு குறைவு. ஒரு வீட்டில் அரைமணி நேரம் பிடித்தது. அந்த ஊரை முடிக்க நான் மறுபடியும் இரண்டு தரம் வரவேண்டியிருந்தது. தண்ணீர் கேட்டால் கொடுத்தார்கள். இளநீர் யாரும் வெட்டவில்லை.

4. கட்டம் இல்லாத பதில்

திருப்திக்கு இரண்டு மார்க், ஓரளவுக்கு ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம். டெபுடேஷன் தொடர்ந்ததால் ஆபீஸிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கூட்டித் தொகுத்தேன். ஏரிப்பட்டி முதலிடம். மேட்டுப்பட்டி கடைசி.

எனக்கு உறுத்தியது. முனியம்மா, பச்சியப்பன் சொன்னதையெல்லாம் ஏ.இ.ஓ. சாரிடம் சொல்லவும் சொன்னேன்.

"சார், மேட்டுப்பட்டியில குறை நிறையச் சொன்னாங்க. ஆனா கோவமாச் சொல்லலைங்க சார். நம்ம வூட்டு ஆளைப் பத்திச் சொல்ற மாதிரி சொன்னாங்க."

"அதுக்குக் கட்டம் இருக்கா படிவத்துல?"

"இல்லைங்க சார்."

"இல்லாத கட்டத்துல என்னம்மா எழுதறது?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். ஜூன் மாதம் லிஸ்ட் போர்டில் ஏறியது. மக்கள் வந்து பார்த்தார்கள். சிலர் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள்.

சரோஜா டீச்சரும் பார்த்தார். அன்றைக்கு மாலை பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்தார். அவர் ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"கெழக்குச் சுவரைப் பத்திச் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"சொன்னாங்க டீச்சர்."

"நல்லது. நான் எழுதி எழுதி ஓஞ்சுட்டேன்." டிக்கெட்டை மடித்துப் பர்ஸில் வைத்தார். "எல்லாருமேவா திருப்தி இல்லைன்னாங்க?"

"அப்படி இல்லைங்க டீச்சர். ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணைச் சொன்னாங்க."

"நான் அந்த ஊருக்கு வந்து ஏழெட்டு வருஷம் ஆவுது விஜயா. ஒரு வூட்டுலகூட உக்காந்து காப்பி குடிச்சதில்லை. நேரம் இருந்ததில்லை. அது தப்போ என்னமோ."

அவருடைய கணவர் பாலக்கோட்டில் சின்னதாக ஒரு சைக்கிள் கடை வைத்திருந்தார். கைக்குழந்தை வேறு. 'முன்னேற்றம் தேவை' என்று ஆபீஸிலிருந்து அவருக்கு ஒரு மெமோ போனது. ஆடி மாதத்தில் ஏ.இ.ஓ. சார் ஒரு முடிவுக்கு வந்தார். சரோஜா டீச்சரை மலையடிவாரத்துப் பள்ளிக்கு டெபுடேஷனில் அனுப்புவது, மேட்டுப்பட்டிக்கு ஜனங்களோடு இணக்கமாகப் பழகுகிற ஒருவரைப் போடுவது. அந்த மலையடிவாரப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறி, பிறகு ஓடைத் தடத்தில் நடக்கவேண்டும். டீச்சரை வரவழைத்து வாயால் சொல்லிவிட்டார். அவர், "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆர்டர் டைப் ஆகிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

5. ரஹீம் பாயின் மகள்

அந்த லிஸ்ட்டை நம்பி மகளைச் சேர்த்தவர்களில் ரஹீம் பாயும் ஒருவர். கிருஷ்ணகிரியிலிருந்து வந்து பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருந்தார். கூடைகள் அடுக்குவதற்கு ரோட்டோரமாக ஒரு குடோன் கட்டி, பக்கத்திலேயே வீடும் கட்டிக்கொண்டார். இரண்டு ஊருக்கும் சரியாக நடுவில். மகள் ஷாஹிதா மூணாவது. போர்டைப் பார்த்தார், ஏரிப்பட்டியில் சேர்த்தார். அதில் அவர் செய்த தவறு ஒன்றுமில்லை. அதற்காகத்தானே லிஸ்ட்டை ஒட்டினோம்.

இரண்டு மாதம் கழித்து ஆபீஸுக்கு வந்தார்.

"டீச்சரம்மா, நீங்க போட்ட மார்க்கு ரொம்பச் சரிம்மா. பாப்பா முழுத் திருப்தியா இருக்கா. காலையில போறா, புளியமரத்துல ஊஞ்சல் ஆடறா, சாயங்காலம் வர்றா. வாத்தியார் தங்கமான மனுசன். மனு எழுத வந்தவங்க நாலு பேரு எப்பவும் சுத்தி நிக்கிறாங்க. ஆனா சேரும்போது பாப்பாவுக்கு அவ பேரை மட்டும்தான் எழுத வந்துது, இன்னிக்கும் அவ்வளவுதான்."

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன். என் வூட்டுல சொன்னாங்க. குடோன்ல கூடை முடையுற வூட்டுப் பொண்ணு ஒண்ணு மேட்டுப்பட்டியில படிக்குது. அதுவும் மூணாவதுதான். கூடைக்கு அடியில போடற பழைய பேப்பரை எடுத்து அது சத்தமாப் படிக்குதாம். நம்ம பொண்ணு அதே பேப்பர்ல படம் பாக்குதாம். எனக்கு டி.சி. வேணும்மா. மேட்டுப்பட்டிக்கு மாத்தணும்."

ஏ.இ.ஓ. சாருக்கு அது பிடிக்கவில்லை. "பாய், அது லிஸ்ட்டுல கடைசி. கொஞ்சம் பொறுங்க. அந்த எச்.எம்.மை மாத்தறோம். புது ஆள் வந்ததும் சேருங்க" என்றார்.

ரஹீம் பாய் நேராக மண்டிக்குப் போனார். அங்கே மேட்டுப்பட்டியிலிருந்து தக்காளி ஏற்றிவந்த பச்சியப்பனிடம், "உங்க டீச்சரம்மா போறாங்களாமே" என்று சொல்லிவிட்டார்.

6. டிராக்டர்

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் டிராக்டர் சத்தம் கேட்டது. டிரெய்லரில் பெண்கள்தான் அதிகம். வேலைக்குப் போகிற கோலத்திலேயே வந்திருந்தார்கள். முனியம்மாவின் இடுப்பில் கரும்பு வெட்டுகிற கத்தி இருந்தது. ஏ.இ.ஓ. சார் அதைத்தான் முதலில் பார்த்தார்.

"ஐயா, எங்க டீச்சரம்மாவை மாத்தறீங்களாமே" என்றார் பச்சியப்பன்.

"நீங்க எல்லாரும் குறை சொன்னீங்களே. அதைப் பாத்துத்தான் செய்யறேன். உங்களுக்காகத்தானே."

"குறை சொன்னோமுங்க. மாத்தச் சொன்னோமுங்களா?"

"திருப்தி இல்லைன்னு சொன்னா வேற என்னங்க அர்த்தம்?"

முனியம்மா முன்னால் வந்தார்.

"எம் மவளைத் தெனமும் நூறு குறை சொல்றேனுங்க. அதுக்காவ வேற வூட்டுக்கு அனுப்பிருவனுங்களா?"

டிரெய்லரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

"முனியம்மா நீதானே? உன்னைத் தோட்டத்துல வெச்சுத் திட்டினாங்க, மானம் போச்சுன்னு சொல்லியிருக்கியேம்மா."

"போச்சுங்க. கோவமாத்தான் இருந்துது. ஆனா எம் மவ இன்னிக்கு பஸ்ஸு போர்டு படிக்கிறா. போன மாசம் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத் திரும்பறப்ப நானு ஒகேனக்கல் பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டேன். எறங்கு ஆத்தா, இது நம்ம பஸ்ஸு இல்லைன்னு இழுத்து எறக்குனா. அதைப் பத்தி நீங்க கேக்கலியே. என்னா குறைன்னு கேட்டாப்பல இருந்துது, சொன்னேன்."

"ஏரிப்பட்டியில யாருமே குறை சொல்லலியே" என்றார் சார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எங்க மச்சான் வூடு அங்கதானுங்க" என்றார் பச்சியப்பன். "அவனுங்களுக்கு வாத்தியாரைப் பிடிக்கும். எங்களுக்கும் அவரைப் பிடிக்கும். அது வேற பேச்சுங்க."

சார் அவர்களை உட்காரச் சொன்னார். உட்கார அத்தனை நாற்காலி இல்லை. டீ வரவழைத்தார். "ரெண்டு நாள் குடுங்க. எதுவும் அவசரப்பட்டுச் செய்யமாட்டேன்" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த இரண்டு நாளும் அவர் ஆபீஸுக்கு வரவில்லை. ஒருநாள் முழுக்க ஏரிப்பட்டிப் பள்ளியின் பின்பெஞ்சு ஓரமாகவும், மறுநாள் முழுக்க மேட்டுப்பட்டியிலும் உட்கார்ந்திருக்கிறார். மாலை வாங்கவில்லை, ரிஜிஸ்டர் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் வந்ததும் நாற்காலியில் உட்காராமலே சொன்னார்.

"விஜயா, அந்த டெபுடேஷன் ஆர்டரைக் கிழிச்சுப் போட்டுடு. கெழக்குச் சுவருக்கு எஸ்டிமேட் அனுப்பணும், இன்னிக்கே."

"ஏரிப்பட்டிங்க சார்?"

"ரங்கசாமியைக் குறை சொல்ல முடியாதும்மா. அஞ்சு வகுப்பை ஒத்த ஆளு எப்படி நடத்துவான்? நாமதான் ரெண்டாவது போஸ்ட் கொடுக்காம விட்டிருக்கோம். ஜனங்க திருப்தியா இருக்காங்கன்னு நானே இந்த வருஷமும் கொடுத்திருக்க மாட்டேன்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, "நாலாவது படிக்கிற பையன் ஒருத்தன், எனக்குப் படிப்பு ஏறாது சார்னு சொல்றான். யாரோ சொன்னதை அவனும் நம்பிட்டான்" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகம் சரியாக இல்லை.

அன்று மாலை நானே போய்ச் சரோஜா டீச்சரிடம் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மண்ணெண்ணெய் பத்தியும் சொன்னாங்களாமே. இனிமே வூட்டுப்பாடத்துல பாதியை இங்கேயே சாயங்காலம் எழுத வெச்சுடறேன்" என்றார். அந்த வாரம் முனியம்மா வீட்டில் காப்பி குடித்தாராம். கருப்பட்டி அதிகம் என்று சொன்னதாகக் கேள்வி.

7. மறுவருஷம்

லிஸ்ட்டைப் போர்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் ஏ.இ.ஓ. சார் சர்வேயை விடவில்லை. அவரிடம் எனக்குப் பிடித்தது அதுதான். மறுவருஷம் படிவத்தை மாற்றினார். திருப்தியா என்ற கேள்விகளைக் குறைத்தார். 'உங்கள் பிள்ளை போன வருஷம் செய்யத் தெரியாத எதை இந்த வருஷம் செய்கிறது?' என்று ஒரு கேள்வி. 'பள்ளியில் எதை மாற்றவேண்டும்?' என்று இன்னொன்று. இரண்டுக்கும் கட்டம் இல்லை, வெற்றுக்கோடுதான். சொல்கிறபடியே எழுதவேண்டும். என் கை ஒடிந்தது.

இதற்குள் ஏரிப்பட்டிக்கு இரண்டாவது டீச்சர் வந்துவிட்டிருந்தார். ட்ரெயினிங் முடித்த கையோடு வந்த பெண், விடாப்பிடியான ஆள். ரங்கசாமி சாரும் மனு வேலையைப் பள்ளிவிட்ட பிறகு என்று ஒதுக்கிக்கொண்டார். நான் மாதையன் வீட்டுக்குப் போனபோது, வழக்கம்போல் திருப்திங்க என்று சொல்வார் என்று நினைத்துப் பேனாவைத் திறந்தேன்.

"புதுசா வந்த டீச்சரு ரொம்பப் படுத்துதுங்க. பையன் மாட்டை அவுத்துக் கட்டறதுக்குக்கூட வர்றதில்லை, எழுதணும்னு உக்காந்துக்கறான். நோட்டு வாங்கி மாளலை. ஒரு கரும்பலகைதான் இருக்குது, ரெண்டு டீச்சருக்கு எப்படிங்க பத்தும்?"

அந்த ஊரில் அந்த வருஷம் இளநீர் கிடைக்கவில்லை. படிவங்களைக் கொண்டுபோய் ஏ.இ.ஓ. சார் மேஜையில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"மார்க் போட்டா ஏரிப்பட்டி ரொம்பக் கீழே போயிடும் சார்" என்றேன்.

"போகட்டும்மா" என்றார். சந்தோஷமாக இருந்தார். "கேக்க ஆரம்பிச்சுட்டாங்க."

இப்போது என் பேத்தியின் பள்ளியிலிருந்து செல்போனுக்கே சர்வே வருகிறது. ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை தருவீர்கள் என்று கேட்கிறார்கள். பள்ளி தேடுகிற இளம் பெற்றோர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்பார்கள், நம்பலாமா டீச்சர் என்று. வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. பாருங்கள், ஆனால் எத்தனை பேர் குறை சொன்னார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள், என்ன குறை சொன்னார்கள் என்று படியுங்கள் என்பேன். டீச்சர் வருவதில்லை என்பதும் குறைதான், டீச்சர் விடுவதில்லை என்பதும் குறைதான். இரண்டுக்கும் மார்க் ஒன்றாகத்தான் விழும். முடிந்தால் ஒரு காலை நேரம் போய் அந்தப் பள்ளியில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு அதிகாரிக்கே அது தேவைப்பட்டது.

ரஹீம் பாய் ஷாஹிதாவை மேட்டுப்பட்டிக்கே மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு மார்க்கெட்டில் என்னை எப்போது பார்த்தாலும் அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு குறையாவது சொல்லாமல் விட்டதில்லை. வீட்டுப்பாடம் அதிகம் என்பார், சரோஜா டீச்சர் முகம்கொடுத்துப் பேசுவதில்லை என்பார். அடுத்தடுத்த வருஷங்களில் மற்ற இரண்டு பெண்களையும் அங்கேதான் சேர்த்தார்.